அது சும்மா கிடக்கிற மலை இல்லை

ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம் நெருங்கினால் என் போனுக்கு ஓய்வு கிடையாது. இந்த வருடம் ஐந்தாவதாக வந்த அழைப்பு கீழ்நாட்டு நிறுவனம் ஒன்றிலிருந்து. "சார், ஊட்டிக்கு மேல ஒரு மலை மொட்டையா சும்மா கிடக்கு. ஆயிரம் மரக்கன்று ரெடி. நீங்க வந்து எங்க குழி எடுக்கலாம்னு மட்டும் சொல்லுங்க."

போன வருடம் இன்னொரு குழு யாரையும் கேட்காமல் நட்ட இடத்தைப் பார்த்துவிட்டு வந்த எரிச்சலே எனக்கு இன்னும் தீரவில்லை. பட்டா நிலம், உரிமையாளர் சம்மதம், எல்லாம் சரிதான். ஆனால் நல்ல புல்சரிவு முழுக்க நாலடிக்கு ஒரு குழி. ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் ஒரு புல்தூர் வேர் மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்தது. பல வருடம் வளர்ந்து திரண்ட தூர்கள் அவை. ஜனவரி உறைபனியில் கன்றுகள் முக்கால்வாசி கருகிவிட்டன. குழிகள் மட்டும் மிச்சம். மழை வந்ததும் அந்தக் குழிகளில் என்ன முளைத்தது தெரியுமா? சீகை.

(சீகை என்றதும் தலைக்குத் தேய்க்கும் சீயக்காயை நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரத்துக்கு நீலகிரியில் அதுதான் பெயர்.)

நான் நாட்டுப் புல் வளர்க்கிற ஆள். அழிந்த புல்வெளியை மீட்பதுதான் வேலை. அதனால் இதை இன்னொரு முறை, நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். மேல்மலைகளில் நீங்கள் பார்க்கிற புல்வெளி, காட்டை வெட்டியதால் வந்த மொட்டை இடம் இல்லை. மரம் இல்லாததால் அது ஏழை நிலமும் இல்லை. நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் பழைய கரிமத்தை ஆராய்ந்து பார்த்ததில், ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்தது தெரிந்துவிட்டது. அப்போது இங்கே கோடாரியோடு யார் இருந்தார்கள்?

பள்ளத்தில் சோலை என்கிற அடர்ந்த குட்டைக் காடு, சரிவில் புல். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இந்த மலையின் அமைப்பே அதுதான். சோலை மரத்தின் கன்று திறந்த வெளியில் ஒரு உறைபனி இரவைத் தாங்காது. புல்லுக்குக் குருத்து தரையோடு ஒட்டி இருக்கிறது. மேலே காய்ந்தாலும், தீயில் எரிந்தாலும் அடியிலிருந்து வந்துவிடும். "அப்போ நாட்டு மரமா நடுறோம் சார், சோலை மரம்" என்று உடனே ஒரு பதில் வரும். புல்வெளியில் நாட்டு மரம் நட்டாலும் தப்புதான். வயலில் நட்டால் தேக்கும் களைதான் ஐயா.

இந்தத் தப்பு நேற்று ஆரம்பித்ததல்ல. வெள்ளைக்காரன் தோடர்களின் மேய்ச்சல் புல்லைத் தரிசு என்று எழுதினான், கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்தான்) சீகையையும் கொண்டுவந்தான். சுதந்திரத்துக்குப் பிறகு நாம் நிறுத்தினோமா? தோல் பதனிடச் சீகைப் பட்டை, ஆலைக்குக் கற்பூரம் என்று புல்வெளியில் இன்னும் அதிகமாக நட்டோம். விளைவு: பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் நடுவில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போய்விட்டது. வெயில் தரையில் விழாத சீகைத் தோப்புக்குள் நுழைந்து பாருங்கள். கீழே சருகு, அதற்குக் கீழே விதை. அந்த விதை ஐம்பது ஆண்டு மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும், தீ பட்டால் மொத்தமாக எழுந்து நிற்கும்.

வரையாடு நம் மாநில விலங்கு. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதற்கும் 1,031 தான். அது மேய்வது புல்லை. சிறுத்தை தூரத்தில் வரும்போதே கண்ணில் பட வேண்டும், பட்டதும் பாறைக்கு ஓட வேண்டும். கண்ணை மறைக்கிற தோப்பில் அது என்ன செய்யும்? நீலகிரி நெட்டைக்காலி என்று ஒரு சின்னப் பறவை, உலகத்திலேயே இந்த மலைகளின் புல்லை விட்டால் அதற்கு வேறு வீடு இல்லை. தோடர் கோயில் கூரைக்குச் சதுப்பில் வளரும் ஒரு தனிப் புல் வேண்டும். அதுவும் இப்போது தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. குறிஞ்சி பூத்தால் மட்டும் எல்லோரும் வந்துவிடுகிறீர்கள். அது மலர்வதும் இதே 'மொட்டை' இடத்தில்தான்.

மீட்பது எப்படி என்று கேட்பவர்கள் குறைவு, இருந்தாலும் சொல்கிறேன். புல் விதையில் பதர் அதிகம், நம்பி இறங்க முடியாது. நல்ல தூர் ஒன்றை எடுத்து, மண்ணை உதறி, வேரோடு நாலைந்து தாளாகப் பிரித்துப் பையில் வைப்போம். பிரிக்கும்போது இலை ஓரம் விரலைக் கிழிக்கும். மேலே ஒரு சாண் விட்டு நறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாடிவிடும். தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் அடிக்கு ஒன்றாகச் சரிவில் நடுவோம். அதற்கு முன் சீகையை எடுக்க வேண்டும், எடுத்த பிறகு வருடா வருடம் முளைப்பதைப் பிடுங்க வேண்டும். ஒரே மூச்சில் மலையை மொட்டையடித்துவிட்டால் மண் சரிந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் உழுது பாழான நிலத்தில் 1935-ல் நெடும்புல்வெளியை மீட்க ஆரம்பித்தது. தொண்ணூறு வருடமாகியும் அங்கே இன்னும் களை பிடுங்குகிறார்கள், முறை வைத்துத் தீ வைக்கிறார்கள். "மூன்று மாதத்தில் முடியுமா?" என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வது. அங்கே தீ வைக்கிறார்களே என்று இங்கே யாரும் தீப்பெட்டியைத் தொட வேண்டாம். மண்ணில் சீகை விதை இருக்கும் இடத்தில் தீ வைத்தால் சீகைக்குத்தான் கொண்டாட்டம்.

அப்புறம், விதைப்பந்து. தயவுசெய்து ஜீப்பிலிருந்து வீசாதீர்கள். உள்ளே என்ன விதை என்று வீசுகிறவருக்கே தெரிவதில்லை. ரிசார்ட் கட்டுகிறவர்கள் புல்தரைக்குக் கிக்குயூ புல் போடாதீர்கள், அது வேலியைத் தாண்டிப் போய்ப் பாய் மாதிரி மூடிவிடும். மஞ்சள் பூ அழகாக இருக்கிறதே என்று புரூம் என்கிற அந்நியப் புதர்ச்செடியை ஒடித்துக் காருக்குள் வைக்காதீர்கள். காய் எங்கே விழுந்து எங்கே முளைக்கும் என்று யாருக்குத் தெரியும். வண்டியைப் புல்லின் மேல் ஏற்றுகிறவர்களிடம் நான் பேசுவதாக இல்லை. மரம் நட்டே தீர வேண்டும் என்று ஆசையா, உங்கள் ஊர் ஏரிக்கரை இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது.

போன் செய்த நிறுவனத்துக்காரர் நல்ல மனிதர். கடைசியில் கன்றுகளைக் கீழேயே விட்டுவிட்டு இருபது பேரோடு மேலே வந்தார். ஒரு சரிவில் சீகை நாற்று பிடுங்கவிட்டேன். முழங்கால் உயரத்துக்குள் இருந்தால் மழை ஈரத்தில் வேரோடு வந்துவிடும். ஒரு பெண் கையில் நாற்றை வைத்துக்கொண்டு, "செடியைப் பிடுங்குறது பாவம் இல்லையா சார்?" என்றார். கேட்டுக்கொண்டே அடுத்ததையும் பிடுங்கினார். மதியத்துக்குள் ஆறு மூட்டை.

அதே சரிவில் அடுத்த ஜூனிலும் முளைத்திருக்கும். வருகிறவர்கள் பழைய மழைக்கோட்டும் கையுறையும் கொண்டு வாருங்கள். கன்று வேண்டாம்.