கிப்லா பாக்கிற திசைகாட்டியும் பி.டி.ஏ. சட்டமும்

2019 மே மாசம், உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடிச்ச அடுத்த மாசம், ஒரு உம்மா கையில ஒரு கடதாசியோட என்ர ஒஃபிசுக்கு வந்தவ. நாலா மடிச்சு, வேர்வையில நனைஞ்சு, மடிப்பு எல்லாம் கிழியப் பாக்குது. பொலிஸ் வந்து வீட்டைச் சோதிச்சு மகனைக் கொண்டுபோகேக்க எடுத்த சாமான்களின்ர லிஸ்ட், முழுக்கச் சிங்களம். அரபு எழுத்துப் புத்தகம் மூண்டு, கத்தி ரெண்டு, திசைகாட்டி ஒண்டு, பழைய போன் ஒண்டு. நான் ஒவ்வொண்டா வாசிச்சு என்ன சாமான் எண்டு கேக்கக் கேக்க அவ சொல்லுறா, புத்தகத்தில ஒண்டு பேரப்பிள்ளை மதரசாவில எழுத்துப் பழகிறது, கத்தி ரெண்டும் குசினிக் கத்தி, திசைகாட்டி கிப்லா, அதாவது தொழேக்க முகம் திருப்புற மக்கா திசை, பாக்கிறதுக்கு. மகன் லொறி ஓட்டுறவர், தெரியாத ஊர்களில நிண்டு தொழ வேண்டி வாறதால அதை டாஷ்போர்டில வச்சிருந்தவராம்.

லிஸ்டுக்கு அடியில உம்மாட கையெழுத்து இருக்கு. வாசிச்சுப் பாத்தா வச்சீங்க எண்டு கேட்டன். "வெளங்கல்ல மகள், வெக்கச் சொன்னாங்க, வெச்சேன்" எண்டா.

நான் ஒரு சட்டத்தரணி, தமிழ், யாழ்ப்பாணம், வேலை கொழும்பில. அந்த வருஷம் இப்பிடி எத்தினையோ கடதாசியளை வாசிச்சுக் காட்டியிருக்கிறன். அந்த அனுபவத்தில இருந்துதான் இதை எழுதுறன், ஏன் எண்டா ஒரு கேள்வியை இண்டைக்கும் என்னட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கினம், அதுவும் படிச்ச ஆக்கள், சொந்தக்காரர் கூட கலியாண வீட்டில வச்சுக் கேட்டவை. குண்டு வச்சது எல்லாம் ஒரு மதத்து ஆக்கள்தானே, அப்ப அவையைச் செக் பண்ணாம ஐயரையும் பாதரையுமோ செக் பண்ணுறது?

கேள்வியை நான் தட்டிக் கழிக்கேல்ல. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் சேர்ச், கொழும்பில மூண்டு பெரிய ஹோட்டல், எல்லாத்திலயுமா 260 பேருக்கு மேல செத்தவை. சீயோனில ஞாயிறு வகுப்பு முடிஞ்சு நிண்ட பிள்ளையள். அந்தப் பெற்றோர் "ஏன் முதலே பிடிக்கேல்ல" எண்டு கேட்டா அதுக்கு மறுமொழி சொல்லத்தான் வேணும். அந்தக் கேள்வியை முழுசாக் கேட்டா வாற மறுமொழி மதத்தைப் பாத்துப் பிடிக்கிறதுக்கு எதிராத்தான் இருக்கு எண்டது என்ர முடிவு.

முதல்ல வவுணதீவு. 2018 நவம்பர் கடைசியில மட்டக்களப்பு வவுணதீவில சோதனைச்சாவடியில நிண்ட ரெண்டு பொலிஸ்காரரைக் கொன்டுபோட்டு அவையின்ர துவக்கை எடுத்துக்கொண்டு போட்டாங்கள். பொலிசுக்கு உடன ஆர் ஞாபகம் வந்தது? முன்னாள் புலி. புனர்வாழ்வு முடிச்சு வீட்டில இருந்த ஒராளைக் கொண்டுபோய் மாசக்கணக்கா உள்ள வச்சவை. உயிர்த்த ஞாயிறு குண்டு வெடிச்ச பிறகுதான் தெரிய வந்தது, அந்தக் கொலையைச் செய்தது, குண்டு வச்ச கூட்டத்துக்குத் தலைவனா இருந்த சஹ்ரான் ஹாஷிமின்ர ஆக்கள் எண்டு. பிழையாப் பிடிச்சு உள்ள வச்ச அந்த மனுசன் மே மாசம்தான் வெளிய வந்தவர். யோசிச்சுப் பாருங்கோ, நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் கிட்டத்தட்ட அஞ்சு மாசம். துவக்கை ஆர் கொண்டுபோனவன் எண்டு தடயத்தைப் பிடிச்சுக்கொண்டு போயிருந்தா எங்க போய் நிண்டிருக்கும்? "இப்பிடியான வேலையை இப்பிடியான ஆக்கள்தான் செய்வினம்" எண்ட நினைப்பு ஒரு அப்பாவியை உள்ள தள்ளினது மட்டுமில்ல, உண்மையான கொலைகாரருக்கு அஞ்சு மாசம் அவகாசம் குடுத்தது. அண்டைக்கு அந்த நினைப்பு தமிழன் மேல, ஏப்ரலுக்குப் பிறகு முஸ்லிம் மேல.

அடுத்தது, சஹ்ரானைப் பற்றி முதல்ல சொன்னது ஆர்? காத்தான்குடி முஸ்லிம்கள். 2017 மார்ச்சில அங்க அவன்ர கூட்டம் மற்றப் பகுதியாரோட வாளும் தடியுமா மோதினதுக்குப் பிறகு அவன் தலைமறைவானவன், ஊராக்கள் அதுக்கு முதலும் பிறகும் முறைப்பாடு குடுத்துக்கொண்டுதான் இருந்தவை. 2018 டிசம்பரில மாவனல்லையில புத்தர் சிலையளை உடைச்சாங்கள், அதை விசாரிச்சுக்கொண்டு போன சிஐடி 2019 ஜனவரியில வனாத்தவில்லுவில ஒரு தென்னந்தோட்டத்தில வெடிமருந்தைப் பிடிச்சது. அந்த விசாரணைக்கு உதவி செய்த ஒரு முஸ்லிம் மனுசனை மார்ச் மாசம் அவர்ர வீட்டுக்குள்ளயே வந்து தலையில சுட்டாங்கள். உயிர் தப்பினவர், ஆனா பழையபடி எழும்பி நடக்கேலாமப் போச்சு. பொலிசுக்குத் தகவல் குடுத்ததுக்கு அவர் குடுத்த விலை அது. பிறகு ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியாவில இருந்து எச்சரிக்கையும் வந்தது, சஹ்ரான்ர பேரோட, சேர்ச்சுகளை அடிக்கப்போறாங்கள் எண்டு. அதையும் வச்சுக்கொண்டு இருந்தவை. 2023 ஜனவரியில உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னதும், முன்னாள் பொலிஸ்மா அதிபரையும் புலனாய்வுத் தலைவரையும் கட்டச் சொன்னதும் இதுக்குத்தான், கையில இருந்த தகவலில ஒண்டும் செய்யேல்ல எண்டதுக்கு.

அப்ப குறைஞ்சது தகவல் இல்ல. தகவலைக் குடுத்ததும் அந்தச் சமூகம்தான். அந்த ஊரில வீடு வீடாப் போய்க் குர்ஆனையும் குசினிக் கத்தியையும் அள்ளிக்கொண்டு போனா, அடுத்த முறை ஒரு வாப்பா தன்ர மகன் ஆரோ ஒருத்தனோட திரியிறான், போக்குச் சரியில்ல எண்டு கண்டா பொலிசுக்குச் சொல்லுவாரோ? என்னட்டை வந்த ஒருத்தர் வாய்விட்டே சொன்னவர், சொல்லப் போனா என்னையும் உள்ள போட்டிடுவாங்கள் மிஸ் எண்டு.

கணக்கையும் ஒருக்காப் பாருங்கோ. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில இலங்கையில முஸ்லிம்கள் கிட்டத்தட்ட 20 இலட்சம். பேச்சுக்கு அந்தக் கூட்டத்தில உதவி செய்தவன், வீடு குடுத்தவன் எல்லாரையும் சேத்து 200 பேர் எண்டே வையுங்கோ, பத்தாயிரத்துக்கு ஒருத்தன். மதத்தை அடையாளமா வச்சுக்கொண்டு வலை வீசினா, ஒருத்தன் அம்பிட முதல் 9,999 பேர்ர வீட்டுக் கதவைத் தட்ட வேணும், ஒவ்வொரு வீட்டுக்கும் நாலு பொலிஸ், லிஸ்ட் எழுதவேணும், கோட்டுக்குக் கொண்டுபோக வேணும். அந்த நேரத்தில அந்தப் பொலிஸ்காரர் போன் ரெக்கோட் பாத்திருக்கலாம், வெடிமருந்துக்கு இரசாயனம் எந்தக் கடையில வாங்கினது, காசு எந்த பாங்கால போனது எண்டு தேடியிருக்கலாம். அந்த வழியில போய் ஒரு முஸ்லிம் வீட்டுக் கதவைத் தட்டினா நான் ஒண்டும் சொல்ல மாட்டன், அங்க பொலிசைக் கொண்டுபோறது தடயம். சாட்சி ஒராள் "இந்த உயரம், இந்தச் சட்டை, முதுகில பை" எண்டு சொல்லி அதை வச்சுத் தேடினாலும் சரிதான், அது ஒரு குறிப்பிட்ட ஆளைத் தேடுறது. கட்டுவப்பிட்டி சிசிடிவி எல்லாரும் பாத்திருப்பியள், சாதாரண உடுப்போட முதுகுப்பையோட ஒருத்தன் வாறான், வழியில ஒரு சின்னப் பிள்ளையின்ர தலையைத் தொட்டிட்டுப் போறான். தொப்பியும் ஹபாயாவும் தேடின கண்ணுக்கு அவன் அம்பிடமாட்டான்.

அம்பிட்டது ஆர் எண்டா, ஹசலக்கவில ஒரு ஏழைப் பெண். உடுப்பில கப்பல் சுக்கான் படம், அதைப் பௌத்தரின்ர தர்மச்சக்கரம் எண்டு சொல்லி 2007ஆம் ஆண்டு ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தில பிடிச்சு ரெண்டு கிழமைக்கும் மேல விளக்கமறியலில வச்சவை. வெறுப்புப் பேச்சில இருந்து சிறுபான்மையைக் காப்பாத்துறதுக்கு எண்டு வந்த சட்டம் அது, அதை நினைச்சா எனக்கு இண்டைக்கும் வயிறு எரியுது. மன்னாரில ஒரு இளம் கவிஞர், ஆசிரியர், தமிழில எழுதின கவிதைப் புத்தகத்துக்காக 2020 மே மாசம் பி.டி.ஏ. எண்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தில உள்ள போனவர். அந்தக் கவிதையளில வன்முறை வேண்டாம் எண்டுதான் இருக்கு, தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஒராள் அரை மணித்தியாலம் இருந்து பாத்திருந்தாக் காணும். ஒண்டரை வருஷத்துக்கு மேல உள்ள இருந்து 2021 டிசம்பரில பிணையில வந்தவர், 2023 டிசம்பரிலதான் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரைக் குற்றமில்லை எண்டு விடுதலை செய்தது. எங்கட தொழிலில இருந்த ஹிஜாஸ் ஹிஸ்புல்லா 2020 ஏப்ரல் 14 பிடிபட்டு 2022 பெப்ரவரியிலதான் பிணையில வந்தவர்.

இவ்வளவு காலம் ஒராளை வச்சிருக்க ஏலுமா எண்டு கேப்பியள். ஏலும். 1979இல தற்காலிகம் எண்டு கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அது, தமிழ்ப் பெடியளை மனசில வச்சுக் கொண்டுவந்தது. அமைச்சர் கையெழுத்து வச்சாக் காணும், மும்மூண்டு மாசமாத் தடுத்து வைக்கலாம், முந்தி 18 மாசம் வரைக்கும், 2022 திருத்தத்துக்குப் பிறகு 12 மாசம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கு முன்னால குடுத்த வாக்குமூலம் சாட்சியாகும், அடிச்சு வாங்கினது எண்டா அதை அடி வாங்கினவர்தான் நிரூபிக்க வேணும். தமிழ் ஆக்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்ல. 2007 ஜூன் 7, விடியப்புறம் கொழும்பு லொட்ஜுகளில இருந்த எங்கட சனத்தைப் பஸ்ஸில ஏத்தி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினவை, முன்னூறு பேருக்கு மேல. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் நிப்பாட்டினது. நான் அப்ப சட்டம் படிச்சுக்கொண்டிருந்தனான், அந்தக் கிழமை முழுக்க அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் தலகாணிக்குக் கீழ வச்சுக்கொண்டு படுத்தது ஞாபகம் இருக்கு. அதைக் கடந்து வந்த எங்கட ஆக்களே "அவங்களைச் செக் பண்ணத்தானே வேணும்" எண்டு சொல்லேக்க எனக்குத் தாங்கேலாமக் கிடக்கு.

இனி செய்யக்கூடியது. அரசியலமைப்பு 12(2) மதம், இனம், மொழி பாத்துப் பாகுபாடு காட்டக்கூடாது எண்டு சொல்லுது, 13(1) பிடிக்கிற காரணத்தைச் சொல்ல வேணும் எண்டுது. இது பி.டி.ஏ.க்கும் பொருந்தும். அடிப்படை உரிமை மனு ஒரு மாசத்துக்குள்ள உயர் நீதிமன்றத்தில போடவேணும், கன பேர் "முதல்ல பிள்ளை வரட்டும், பிறகு பாப்பம்" எண்டு இருந்து இந்த ஒரு மாசத்தைத் தவறவிடுகினம். வசதியில்லாட்டி அந்த ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு குடுங்கோ, அங்க விசாரணை நடக்கிற காலம் கணக்கில சேராது. பி.டி.ஏ.யில பிடிச்சா 48 மணித்தியாலத்துக்குள்ள ஆணைக்குழுவுக்குப் பொலிஸ் அறிவிக்க வேணும், அறிவிச்சிருக்கோ எண்டு நீங்களே 1996 எண்ட ஆணைக்குழுவின்ர நம்பருக்கு எடுத்துக் கேளுங்கோ.

கொண்டுபோகேக்க நேரம், வந்த ஆக்களின்ர பேர், எந்த பொலிஸ் நிலையம், வாகன நம்பர், இவ்வளவையும் அந்த நேரமே எழுதி வையுங்கோ, பிள்ளையள் போனில எழுதினாலும் காணும். விளங்காத பாஷையில கடதாசி நீட்டினா தமிழில தரச் சொல்லுங்கோ, தமிழும் இந்த நாட்டில அரசகரும மொழி. தராட்டி, கையெழுத்து வைக்கத்தான் வேணும் எண்டு நிண்டா, கையெழுத்துக்குப் பக்கத்தில தமிழில "வாசித்து விளங்கவில்லை" எண்டு எழுதிப்போட்டு வையுங்கோ. அந்த ரெண்டு சொல்லும் அந்த உம்மாட கடதாசியில இருந்திருந்தா எனக்குக் கோட்டில எவ்வளவு உதவியா இருந்திருக்கும். மகனுக்குப் பிணை எடுக்கப் பத்து மாசம் போச்சு. போனையும் கத்தியளையும் திருப்பிக் குடுத்திட்டினம், திசைகாட்டிக்கு இன்னும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறம்.