சிரா: பெயர் எங்கிருந்து வந்தது, தமிழில் எப்படிச் சொல்வது

சிரா என்பது ஒரு கருந்திராட்சை வகையின் பெயர். அந்தத் திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயினுக்கும் அதே பெயர்தான். பொருள் சொல்ல இந்த இரண்டு வரி போதும். ஆனால் கலிபோர்னியாவில் சிறிய அளவில் ஒயின் செய்கிறவர்களின் சிரா புட்டிகள் நாலைந்தை வரிசையாகத் திறந்து வைத்துச் சுவைத்துப் பார்த்தால், இத்தனையும் எப்படி ஒரே பெயருக்குள் அடங்குகின்றன என்று கேட்கத் தோன்றும். ஒன்று 15 விழுக்காடு ஆல்கஹாலோடு, கனிந்து வெடித்த பழத்தின் மணத்தோடு, வாய் நிறையக் கனமாக உட்காரும். பக்கத்துக் கிண்ணத்தில் இருப்பது 12 விழுக்காட்டில், மிளகும் ஆலிவும் மணக்க, நல்ல புளிப்போடு மெலிதாக ஓடிவிடும். லேபிளில் இரண்டுக்கும் அதே சொல்.

முதலில் எழுத்து. பிரெஞ்சில் இந்தப் பெயரின் அழுத்தம் கடைசி அசையில் விழுகிறது, முதல் அசை குறுகித்தான் ஒலிக்கிறது. அதனால் தமிழில் 'சிரா' என்று எழுதுவதே பொருத்தம். 'சைரா' என்பது ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிப்பதால் வருவது. 'சீரா' என்று எழுதினால் குலாப் ஜாமூன் ஊறுகிற சர்க்கரைப் பாகு நினைவுக்கு வரும், இதுவோ பெரும்பாலும் இனிப்பே இல்லாத ஒயின், எனவே அந்த எழுத்தைத் தவிர்ப்பது நல்லது.

சரி, பெயர் எங்கிருந்து வந்தது? தேடிப் போனால் முதலில் எதிரே வந்து நிற்பது ஈரானில் உள்ள ஷிராஸ் நகரம். பிரான்சில் ரோன் ஆற்றின் கரையில் எர்மித்தாஜ் என்று ஒரு குன்று இருக்கிறது. சிலுவைப் போருக்குப் போய்த் திரும்பிய ஸ்டெரிம்பெர்க் என்ற வீரர் அந்தக் குன்றில் துறவியாக ஒதுங்கி வாழ்ந்தார், பாரசீகத்திலிருந்து கொண்டுவந்த கொடியை அங்கே நட்டார் என்பது கதை. சிசிலித் தீவின் சிரக்யூஸ் நகரத்திலிருந்து ரோமானியர் வழியாக வந்தது என்று இன்னொரு கதையும் உண்டு. இரண்டும் ஒலி ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு கட்டியவை.

பாரசீகக் கதைக்கு ஆஸ்திரேலியாவால் கூடுதல் பலம் கிடைத்தது. ஜேம்ஸ் பஸ்பி என்பவர் 1831இல் ஸ்பெயினிலும் பிரான்சிலும் சுற்றித் திராட்சைக் குச்சிகளைச் சேகரித்தார். அடுத்த ஆண்டு அவை சிட்னி போய்ச் சேர்ந்தன. அவருடைய பட்டியலில் எர்மித்தாஜ் குன்றின் திராட்சை 'சிராஸ்' என்ற மாதிரி ஒலிக்கும் எழுத்துகளில் இருந்தது. அங்கே அது நாளடைவில் ஷிராஸ் ஆகிவிட்டது, ஊர்ப்பெயரும் திராட்சைப் பெயரும் ஒன்றாகிவிட்டதால் கதையை யாரும் சந்தேகப்படவில்லை.

இதற்கு முடிவு கட்டியது மரபணு ஆய்வு. டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கேரல் மெரிடித் தலைமையில் இயங்கிய குழுவும் பிரான்சின் மோன்பெல்லியேவில் இருந்த ஆய்வாளர்களும் சேர்ந்து 1998இல் சிராவின் தாய் தந்தையைக் கண்டுபிடித்தார்கள். துரேசா என்ற கருந்திராட்சை ஒன்று, மோந்தேஸ் பிளான்ஷ் என்ற வெள்ளைத் திராட்சை மற்றொன்று. முதலாவது பிரான்சின் ஆர்தேஷ் பகுதியைச் சேர்ந்தது, இரண்டாவது ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய சவோயைச் சேர்ந்தது. இரண்டும் பெரிதாகப் பேர் எடுக்காத வகைகள், ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில் இல்லாதவை. அவற்றுக்குப் பிறந்த பிள்ளை பாரசீகத்திலிருந்து வந்திருக்க வழியே இல்லை. பெயரைப் பொறுத்தவரை, ரோன் பகுதியின் கோட் ரோட்டியில் இதைச் 'செரின்' என்றும் அழைப்பார்கள், அதை லத்தீனில் 'தாமதமான' என்று பொருள்படும் 'செருஸ்' என்ற சொல்லோடு சேர்த்துப் பார்க்கிறவர்கள் உண்டு. இது ஒரு கருத்து, அவ்வளவுதான். ஆனால் ஷிராஸ் நகரத்தைவிட இது எனக்கு ஏற்கத்தக்கதாகப் படுகிறது.

இந்த ஆய்வைச் செய்த அதே கேரல் மெரிடித்தும் அவருடைய கணவரும் கலிபோர்னியாவின் நாபா பகுதியில் உள்ள மவுண்ட் வீடர் மலைச்சரிவில், தங்கள் வீட்டை ஒட்டிய சின்னத் தோட்டத்தில் சிராவை நட்டு, லாஜியர் மெரிடித் என்ற பெயரில் ஒயின் செய்தார்கள். கபர்னே சாவிஞ்ஞோன் என்ற வேறொரு கருந்திராட்சைக்குப் பேர்போன நாபாவில் சிராவைத் தேர்ந்தெடுத்தது அவர்களுக்கு அந்தத் திராட்சை மேல் இருந்த பிடிப்பைக் காட்டுகிறது. திராட்சையின் பெற்றோரைக் கண்டுபிடித்தவரே அதை வளர்த்துப் பிழிந்து புட்டியில் அடைத்தார் என்பது இந்தச் சொல்லின் வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

கலிபோர்னியாவில் இன்றைய சிராவின் கதை 1970களில் தொடங்குகிறது. 1975இல் கேரி எபர்லி என்ற ஒயின் தயாரிப்பாளர் பாசோ ரோபிள்ஸில் எஸ்ட்ரெல்லா ரிவர் தோட்டத்தில் சிராவை நட்டார், அங்கிருந்து எடுத்த குச்சிகள் மாநிலம் முழுக்கப் பல தோட்டங்களுக்குப் போயின. 1982இல் பாப் லிண்ட்குவிஸ்ட் கியூப்பே என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். சாந்தா மரியா பள்ளத்தாக்கின் பியன் நசிடோ தோட்டத்திலிருந்து அவர் செய்த சிராதான், குளிர்ந்த கடற்காற்று படும் இடத்திலும் இந்தத் திராட்சை நன்றாக வரும் என்று பலருக்குக் காட்டியது. ரோன் ஆற்றங்கரைத் திராட்சைகளை விரும்பி எடுத்துச் செய்த இந்தக் கூட்டத்துக்கு 'ரோன் ரேஞ்சர்ஸ்' என்று பட்டப்பெயரே விழுந்தது.

அமெரிக்க விதிகளின்படி லேபிளில் சிரா என்றும் போடலாம், ஷிராஸ் என்றும் போடலாம், இரண்டும் ஒரே திராட்சைதான். பெரும்பாலும் பழச்சுவை தூக்கலாக, ஆஸ்திரேலிய வழியில் செய்ததற்கு ஷிராஸ் என்றும், பிரெஞ்சு வழியைப் பார்த்துச் செய்ததற்குச் சிரா என்றும் போடுவார்கள். கலிபோர்னியாவின் சிறு தயாரிப்பாளர்களிடம் ஷிராஸ் என்ற லேபிளைப் பார்ப்பது அரிது. இன்னொரு விஷயம், சிரா என்று போட்டிருந்தால் உள்ளே முழுக்கச் சிராதான் இருக்க வேண்டும் என்றில்லை, 75 விழுக்காடு இருந்தால் போதும். ஆனால் குறிப்பிட்ட ஒரு தோட்டத்தின் பெயரைப் போட்டிருந்தால் திராட்சையில் 95 விழுக்காடு அந்தத் தோட்டத்தில் விளைந்ததாக இருக்க வேண்டும். ஒப்பிட்டுச் சுவைக்க நினைப்பவர்கள் இந்த இரண்டாவது விதியைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

'சிறு உற்பத்தி' என்பதற்குச் சட்டத்தில் அளவு கிடையாது. பீப்பாய்க் கணக்கில் பார்த்தால்தான் பிடிபடும். வழக்கமான ஓக் மரப் பீப்பாய் ஒன்றில் 225 லிட்டர் பிடிக்கும், அதிலிருந்து 300 புட்டி வரும், அதாவது பன்னிரண்டு புட்டிப் பெட்டிகள் 25. ஒரு தோட்டத்திலிருந்து நாலு பீப்பாய் மட்டும் செய்கிறவர் உலகத்துக்கே 1200 புட்டிதான் தருகிறார் என்று அர்த்தம். பலருக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது, வேறொருவர் தோட்டத்தில் சில வரிசைகளை விலைபேசி வாங்குகிறார்கள். பெரிய நிறுவனம் பத்துத் தோட்டத்துத் திராட்சையைக் கலந்து ஒவ்வொரு ஆண்டும் ஒரே சுவையைக் கொண்டுவரப் பார்க்கும். நாலு பீப்பாய்க்காரரிடம் கலப்பதற்குச் சரக்கு இல்லை, அந்த ஆண்டு வெயிலும் மழையும் எப்படியோ அப்படியே புட்டிக்குள் வந்துவிடும். அதனால்தான் இவர்களுடைய ஒயின்களை ஒப்பிடுவதில் பயன் இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு இரண்டை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று சோனோமா மாவட்டத்தில் பெட்டலூமாவை ஒட்டிய கிளேரி ராஞ்ச் தோட்டத்துச் சிரா, ஆர்னாட்-ராபர்ட்ஸ் என்ற நிறுவனம் செய்தது. அங்கே பசிபிக் கடலின் காற்றும் மூடுபனியும் நேராக உள்ளே வரும், திராட்சை பழுக்க வெகுநாள் ஆகும், ஆல்கஹால் 12 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். மற்றொன்று சாந்தா பார்பரா மாவட்டத்தின் பல்லார்ட் கேன்யனில் விளைவது, ஸ்டோல்ப்மன் தோட்டத்துடையதாக இருக்கட்டும். இந்தப் பள்ளத்தாக்கை 2013இல் தனி விளைநிலப் பகுதியாக அறிவித்தார்கள், அங்கே முதன்மையான திராட்சையே சிராதான். பகலில் நல்ல வெயில், இரவில் குளிர்.

முதல் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனால் அம்மியில் அப்போதுதான் தட்டிய மிளகின் மணம் எழும். அதன் பின்னால் ஆலிவ், கொஞ்சம் புகைபோட்ட இறைச்சி, ஓர் ஓரமாக வயலெட் பூ. பழம் கடைசியில்தான் வரும். நிறமும் அடர்த்தி குறைவு, கிண்ணத்தைச் சாய்த்தால் விளிம்பில் ஊதா தெரியும். இரண்டாவதில் பழம்தான் முன்னால் வரும், கறுத்துக் கனிந்த பழம். மிளகு இருக்கும், ஆனால் தேட வேண்டும். வாயில் வைத்தால் கனமும் வழவழப்பும் அதிகம், துவர்ப்பு பின்னால் வந்து ஈறில் பிடிக்கும். எது உயர்ந்தது என்று கேட்டால் என் ஓட்டு முதலாவதற்கு. ஆட்டுக்கறி வறுவலோடு குடிக்கிறவர் இரண்டாவதைக் கேட்டால் அவரோடு சண்டைக்குப் போகமாட்டேன்.

அந்த மிளகு வாசனை கற்பனை இல்லை. ரோட்டண்டோன் என்ற வேதிப்பொருள் மிளகிலும் இருக்கிறது, சிராவின் தோலிலும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிறுவனம் 2008இல் இதை வெளியிட்டது. ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் வெறும் 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். குளிர்ந்த இடத்தில், நிழலில், மெல்லப் பழுக்கும் கொத்துகளில் இது அதிகம் சேரும். சோதித்த மிக அதிக அளவிலும் ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனை தெரியவில்லை என்றும் அதே ஆய்வில் தெரியவந்தது. எனவே கூடிச் சுவைக்கும்போது ஒருவர் மிளகே இல்லை என்று சாதித்தால் அவரை மறுத்துப் பேசாதீர்கள், அவர் மூக்குக்கு உண்மையிலேயே அது இல்லை.

காம்பையும் கவனிக்க வேண்டும். சிலர் திராட்சையை உதிர்க்காமல் கொத்தோடு தொட்டியில் போட்டு நொதிக்க வைப்பார்கள். கொத்தோடு செய்ததில் பச்சிலை, மூலிகை மாதிரி ஒரு மணமும் கூடுதல் துவர்ப்பும் இருக்கும். இது தெரியாமல் இரண்டு புட்டிகளை ஒப்பிட்டால் செய்முறையால் வந்ததை மண்ணின் குணம் என்று நினைத்துவிடுவோம். அதேபோல சிரா திறந்தவுடன் சில சமயம் தீக்குச்சி, ரப்பர் மாதிரி வாடை அடிக்கும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம், அகலமான கூஜாவில் ஊற்றி அரைமணி நேரம் காற்றுப்பட விட்டால் பெரும்பாலும் போய்விடும். ஒப்பிடுவதென்றால் ஒரே ஆண்டுப் புட்டிகள், ஒரே மாதிரிக் கிண்ணங்கள், சுமார் 16 டிகிரி செல்சியஸ் வெப்பம், லேபிள் தெரியாமல் காகிதம் சுற்றிய புட்டிகள், இது போதும்.

அப்புறம் தமிழ்ச்சொல். சிரா என்பது ஒரு வகைக்கு இட்ட பெயர், அதை மொழிபெயர்க்கத் தேவையில்லை, முடியவும் முடியாது. ஒயின் என்பதற்குத்தான் சொல் வேண்டும். 'திராட்சை மது' எல்லாருக்கும் புரியும், செய்திக்கும் பாடப்புத்தகத்துக்கும் அது போதும். கிறித்தவர்கள் வழக்கில் உள்ள 'திராட்சரசம்' என்பது புளிக்காத சாற்றையும் குறிக்கலாம் என்பதால் இங்கே சரிப்படாது. எனக்குப் பிடித்த சொல் 'தேறல்'. தேறு என்றால் தெளிதல், வண்டல் படிந்து தெளிந்த மதுதான் தேறல். பீப்பாயில் கிடந்து கசடு அடியில் தங்கிய பிறகு மேலே தெளிந்ததை வடித்தெடுக்கும் இந்தத் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. புதிதாக ஒட்டவைத்த பொருளும் இல்லை: புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியனைப் பார்த்து, 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' குடித்து வாழ்க என்கிறார். கடல்தாண்டி வந்த மதுவுக்கே அன்று வழங்கிய பெயர் அது. யவனர் பொன்னோடு வந்து 'கறியொடு பெயரும்' முசிறி என்று அகநானூறு 149 சொல்கிறது, அந்தக் கறி நம் மிளகு. மதுவைக் கொடுத்தவர்கள் மிளகை வாங்கிக்கொண்டு போனார்கள்.

சுவைச் சொற்களுக்குத் தவிக்க வேண்டியதே இல்லை. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் தருவதைத் துவர்ப்பு என்று சொன்னால் வாழைப்பூவைக் கடித்துப் பார்த்த யாருக்கும் புரியும். அமிலம் என்று எழுதாமல் புளிப்பு என்றே எழுதலாம். விழுங்கிய பிறகு வாயில் நிற்கும் சுவைக்குப் பின்சுவை நன்றாகவே இருக்கிறது. பீப்பாயும் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல்தான், அவர்கள் ஒயின் நிரப்பிய பெரிய மரக்கலத்தைத்தான் அப்படி அழைத்தார்கள். ஆக, லேபிளைத் தமிழில் எழுதினால் 'பல்லார்ட் கேன்யன் சிராத் தேறல்', பேச்சில் 'சிரா ஒயின்'.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். கலிபோர்னியாக் கடைகளில் 'பெட்டீட் சிரா' என்று இன்னொரு புட்டி இருக்கும். அந்த முன்னொட்டுக்குச் 'சிறிய' என்று பொருள் என்பதால் அதைச் 'சின்னச் சிரா' என்று பெயர்த்துவிடக் கூடாது. அது வேறு திராட்சை, பெரும்பாலும் துரிஃப் என்ற வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சுவா துரிஃப் என்பவர் கண்டெடுத்தது, சிராவுக்கும் பெலூர்சன் என்ற வகைக்கும் பிறந்தது. நிறத்திலும் துவர்ப்பிலும் சிராவைவிட முரட்டுத்தனமானது. தமிழில் அதைத் துரிஃப் என்று எழுதுவதே நல்லது, லேபிளை அப்படியே காட்ட வேண்டுமென்றால் பெட்டீட் சிரா.