ஏற்காடு போய் வந்தும் ஏன் மண்டை காய்கிறது?

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? அடிவாரம் தாண்டியதுமே வண்டிக்குள் ஒருவர் ரீல்ஸ் எடுக்கத் தொடங்கிவிடுவார். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் போன் திரையில்தான் பார்ப்பார்கள். பகோடா பாயிண்டில் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவார்கள். அதை யார் யார் பார்த்தார்கள் என்று ஏரிக்கரையில் உட்கார்ந்து எண்ணுவார்கள். இரவு சேலம் இறங்கியதும், "குளுகுளுன்னுதான் இருந்துச்சு, ஆனா மண்டை காயுது" என்பார்கள். கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்துக் காற்றும் உதவாமல் போனது எப்படி?

மாலையில் சேலத்தில், இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்கறித் துருவலும் சட்னியும் வைத்துத் தரும் ஒரு தட்டுவடை செட் கடை முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் பாதி விடை கிடைக்கும். "அண்ணா, ரெண்டு செட், ஒண்ணுல காரம் கம்மி." "ஒரு நொறுக்கல், வெங்காயம் வேண்டாம்." "மூணு செட் பார்சல்." மூன்று நான்கு பேர் சொல்வது வரை கடைக்காரர் தடுமாற மாட்டார். அதற்கு மேல் போனால், "உங்களுக்கு என்ன சொன்னீங்க?" என்று கேட்பார். இப்படி அந்த நிமிடத்துக்கு வேண்டியதை மனதில் ஏந்தி வைத்திருக்கும் திறனுக்குச் செயல்நினைவு என்று பெயர். அதன் கொள்ளளவு ஏழு, ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம் என்று 1956-இல் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். உள்ளுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது, சேர்த்து முடிச்சுப் போடுவது போன்ற உபாயங்களைக் கழித்துவிட்டால் நான்குதான் தேறும் என்று 2001-இல் உளவியலாளர் நெல்சன் கோவன் அதைக் குறைத்தார்.

அதே கடைக்காரர் பாதி செட்டில் நிறுத்திவிட்டு, பணம் வந்துவிட்டதா என்று போனைப் பார்க்கிறார். திரும்பியதும், "காரம் கம்மி யாருக்கு?" ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் 'கவன எச்சம்' என்றார். கடைக்காரர் ஒரு மாலையில் சில முறை இப்படித் தாவுவார். போனை உருட்டும்போது நாம் தாவிக்கொண்டே இருக்கிறோம். விபத்துச் செய்தி, பிரியாணி செய்முறை, ஆபீஸ் குரூப்பில் மேனேஜரின் கேள்வி, யாருக்கோ பிறந்தநாள், திரும்ப ஒரு சண்டை. எதையும் முடிப்பதில்லை, எல்லாமே எச்சம் விடுகிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் நாள் முழுக்கக் கொலுசுக்குப் பற்றவைப்பவருக்கும் கண் வலிக்கும், கழுத்து வலிக்கும். ஆனால் அவர் பிடித்திருப்பது ஒரே வேலை. எத்தனை மணி நேரம் ஆன்லைனில் இருந்தோம் என்ற கணக்கைவிட, அந்த நேரத்தில் எத்தனை முறை தாவினோம் என்பதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

சரி, தெரிந்தும் கை ஏன் போனுக்கே போகிறது? மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள்தான் காரணம் என்று யூடியூபில் எல்லோரும் சொல்கிறார்கள். அதை 'இன்பச் சுரப்பு' என்று சுருக்குவதுதான் கோளாறு. நரம்பியலாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸின் குரங்குச் சோதனைகளில், எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் நரம்பணுக்கள் துடித்தன. ஓர் அடையாளத்தைக் காட்டிய பிறகே சாறு வரும் என்று பழக்கியதும், அடையாளத்துக்கே துடித்தன. சாறு வந்தபோது புதிதாக ஒன்றும் நடக்கவில்லை. சாறு வராமல் ஏமாந்தபோது துடிப்பு குறைந்தது. ஆக, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அவை கணக்கெடுக்கின்றன. அடுத்து என்ன வரும் என்றே தெரியாத ரீல்ஸில் அந்தக் கணக்கு தீருவதில்லை. பத்து வீடியோ சப்பையாக இருந்தாலும் பதினொன்றாவது பிடித்துவிட்டால் போதும். (இப்போது பேசப்படும் 'டோபமைன் விரத'த்தால் மூளையில் டோபமைன் நின்றுவிடாது. தூண்டுகிற பொருளை விட்டுக் கொஞ்சம் விலகி இருக்கிறோம், அவ்வளவுதான்.)

களைத்த மூளை இன்னும் மோசமாக மாட்டிக்கொள்ளும். 2022-இல் பாரிஸ் ஆய்வாளர்கள் ஆட்களை உட்காரவைத்து ஆறு மணி நேரத்துக்கு மேல் மூளைக்கு வேலை கொடுத்தார்கள். கடினமான வேலை பார்த்தவர்களுக்கு, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதியில் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் கூடியிருந்தது. திட்டமிடவும் மனதைக் கட்டுப்படுத்தவும் உதவுவது அந்தப் பகுதிதான். பொறுத்தால் கூடுதல் பணம், இப்போதே என்றால் கொஞ்சம் பணம் என்று கேட்டபோது, அவர்கள் உடனே கிடைப்பதன் பக்கம் சாய்ந்தார்கள். மண்டை காய்ந்துபோன இரவில் போனை வைக்க முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது.

அப்புறம் மலை எதற்கு? உளவியலாளர்களான ரேச்சல், ஸ்டீபன் கப்லன் தம்பதியர் கவனத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று நாமே இழுத்துப் பிடிக்கிற கவனம், இதுதான் களைத்துப்போகும். மற்றது தானாகப் போய் மெல்லப் படிகிற கவனம். சேலம் ஐந்து ரோடு சந்திப்பைக் கடக்கும்போது பஸ், ஹார்ன், பைக் என்று முதல் வகை ஓயாமல் உழைக்கும். காப்பித் தோட்டத்துப் பாதையில் சில்வர் ஓக் மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக்கொடியைப் பார்க்க எந்த முயற்சியும் வேண்டாம். அந்த நேரத்தில் முதல் வகை ஓய்வெடுக்கும். 2008-இல் மார்க் பெர்மன் குழு மிச்சிகனில் இதைச் சோதித்தது. சுமார் 50 நிமிடம் மரத்தோட்டத்தில் நடந்தவர்கள், எண்களைத் தலைகீழாகச் சொல்லும் சோதனையில் முன்னேறினார்கள். நகர வீதியில் நடந்தவர்களிடம் அந்த அளவு முன்னேற்றம் இல்லை. குளிரில் வேண்டாவெறுப்பாக நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது என்பது எனக்குப் பிடித்த தகவல். பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லாச் சோதனையிலும் இந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

ஆகவே போனைப் பிடித்தபடி ஏற்காட்டைச் சுற்றுவதைவிட, பையில் போட்டுவிட்டுக் சேலத்திலேயே இருக்கும் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் நடப்பது மேல்.

வார நாளுக்கு என்ன வழி? எல்லா அறிவிப்புகளையும் அடைத்துவிடலாம் என்று தோன்றும். 2019-இல் வந்த ஒரு ஆய்வில் அப்படி அடைத்தவர்களுக்குப் பதற்றமும், எதையோ தவறவிடுகிறோம் என்ற பயமும் கூடின. அறிவிப்புகளைக் கட்டிவைத்து ஒரு நாளில் மூன்று வேளை மட்டும் பெற்றவர்கள்தான் தெளிவாக இருந்தார்கள். இந்த வசதி ஐபோனில் 2021 முதல் இருக்கிறது. மற்ற போன்களில் வாட்ஸ்ஆப் குரூப்புகளை மியூட்டில் போட்டு, வேளை பார்த்து நாமே திறக்கலாம். அவசரம் என்றால் வீட்டில் போன் அடிப்பார்கள்.