‘எத்தனை தடவை சொல்லியாச்சு’ என்கிற மேலாளர்களுக்கு

ஒரு பணியாளரின் பெயர். அதன் கீழே, "கோச்சிங் கொடுத்துப் பார்த்தாச்சு, பலனில்லை. மேற்கொண்டு ஆவன செய்யவும்." மனிதவளப் பிரிவில் இருக்கும் எனக்கு இந்த மாதிரி மின்னஞ்சல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. போன வாரமும் ஒன்று. அந்த மேலாளரைக் கூப்பிட்டு, என்ன கோச்சிங் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "ரிப்போர்ட்டை கவனமா பார்த்து அனுப்புங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன் தெரியுமா மேடம்?" என்றார்.

பிறகு அந்தப் பணியாளரிடம் பேசினேன். "ஒரு ரிப்போர்ட்டை எப்படித் தயார் பண்றீங்க? ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க." இன்னொரு பிரிவிலிருந்து அவருக்கு எண்கள் வந்து சேர்வதே நாலரை மணிக்கு. ஐந்து மணிக்கு ரிப்போர்ட் போயாக வேண்டும். எண்களை எடுத்து நிரப்பவே நேரம் சரியாக இருக்கிறது, சரிபார்க்க எங்கே போவார்? "இதை மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?" என்றேன். "அவர் கேட்கவே இல்லையே மேடம்" என்றார்.

கோபம் வந்தது. அந்த மேலாளர் மீது மட்டும் இல்லை, "சொல்வதுதான் கோச்சிங்" என்ற நினைப்பின் மீது. கனிவாகச் சொன்னாலும் உத்தரவு உத்தரவுதான். காபி வாங்கிக் கொடுத்துச் சொன்னாலும் அப்படித்தான். ஒரே அறிவுரையைத் திரும்பத் திரும்பச் சொன்னால், கேட்பவருக்குத் தலையாட்டத்தான் பழகும். கோச்சிங்கில் மேலாளரின் முதல் வேலை, தனக்குத் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வது. வேலை எந்த இடத்தில் சிக்குகிறது, இதுவரை என்ன செய்து பார்த்தார், வேறு என்ன வழி இருக்கிறது என்று கேட்க வேண்டும். வழியைப் பணியாளரே தேர்ந்தெடுத்தால் அதைச் செய்வதில் அவருக்கு ஒரு பிடிப்பு வரும். நீங்கள் கையில் திணித்த வழி பலிக்காவிட்டால், "நீங்க சொன்னபடிதான் செஞ்சேன்" என்பார். அவர் சொல்வதில் தப்பும் இல்லை.

கேள்வி வேஷத்தில் வரும் அறிவுரையும் உண்டு. "இதை நேத்தே முடிச்சிருக்கலாமே?" என்பதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்? "ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்றால் உடனே காரணமும் சாக்கும்தான் வரும். "எந்த இடத்துல நின்னுபோச்சு?" என்று கேளுங்கள், நடந்தது வெளியே வரும். கேட்ட பிறகு தயவுசெய்து வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். நான் உடனிருந்து பார்த்த உரையாடல்களில் பெரும்பாலான மேலாளர்கள் கேள்வியையும் கேட்டு, மூச்சு விடும் நேரத்துக்குள் பதிலையும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள்.

இன்னொன்று, ஆளைப் பற்றிப் பேசாதீர்கள், வேலையைப் பற்றிப் பேசுங்கள். பின்னூட்டம் பற்றிய பழைய ஆய்வுகளை எல்லாம் குளூகர், டெநிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் திரட்டி 1996-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பின்னூட்டம் சராசரியாகப் பலன் தந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் அதற்குப் பிறகு செயல்திறன் குறைந்தே போயிருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகி 'நான் எப்படிப்பட்டவன்' என்பதை நோக்கித் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். "உங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்பதைக் கேட்டவர் அன்று முழுக்க அந்த வார்த்தையைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். "மூணாவது பக்கத்துல கூட்டுத்தொகை தப்பா இருக்கு" என்றால் திருத்த ஒரு இடம் கிடைக்கிறது.

எல்லாவற்றுக்கும் கோச்சிங் மருந்தாகாது. வேலைக்குப் புதிதாக வந்தவரிடம் போய், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருப்பது கொடுமை. அவருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். நேரக்கெடு அநியாயமாக இருந்தால் நேரக்கெடுவை மாற்றுங்கள். அந்த ரிப்போர்ட் விஷயத்தில் தேவைப்பட்டது, எண்களை மதியத்துக்குள் அனுப்பச் சொல்லி அடுத்த பிரிவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு.

நேரம் இல்லை என்பார்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம், தனியாக, செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு உட்காருங்கள். அவசரக் கூட்டம் வந்தால் முதலில் ரத்தாவது இதுதான். ரத்து செய்யாதீர்கள், தள்ளிப்போட வேண்டியிருந்தால் அப்போதே வேறு நேரம் குறித்துவிடுங்கள். நல்ல மேலாளரிடம் என்ன இருக்கிறது என்று கூகுள் நிறுவனம் 2008-ல் தொடங்கி தன் ஊழியர்களிடையே ஆராய்ந்தபோது, பட்டியலின் முதல் இடத்தில் வந்தது 'நல்ல கோச்சாக இருப்பது'தான். தொழில்நுட்ப அறிவு கடைசியில் வந்தது. நன்றாக வேலை செய்பவர்களோடும் உட்காருங்கள். தப்பு செய்தவரை மட்டும் அறைக்குள் கூப்பிட்டால், அடுத்த முறை கதவு திறக்கும்போதே மொத்தக் குழுவும் பயப்படும்.

முடிக்கும்போது, அடுத்து என்ன செய்யப்போகிறார், எப்போது என்பது அவர் வாயிலிருந்து வரட்டும். உங்களிடமிருந்து என்ன வேண்டும் என்றும் கேளுங்கள், ஒப்புக்கொண்டால் செய்து கொடுங்கள். அடுத்த சந்திப்பை அங்கிருந்தே தொடங்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் மாற்றமில்லை என்றால், அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்: "இன்னைக்கு நாம பேசப்போறது எச்சரிக்கை." கோச்சிங் என்று கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் மனம் விட்டுச் சொன்னதைக் குறித்துவைத்து, அதையே பிறகு அவருக்கு எதிரான ஆதாரமாக எனக்கு அனுப்பாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அப்படி ஒருவருக்கு நடந்தாலும் போதும், அந்தக் குழுவில் இனி யாரும் உங்களிடம் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.