கட்டையைப் பிடுங்கிப் பார்த்தால் தெரியும்

எங்கள் பாட்டி வீடு மயிலாடுதுறைப் பக்கம். 1960களில் கட்டிய ஓட்டு வீடு. மே மாதம் பேரன் பேத்திகள் கூடிவிட்டால், ராத்திரி எட்டரை மணி வாக்கில் முன்கட்டு முழுக்கச் சட்டென்று இருண்டுவிடும். "பீஸ் போயிடுச்சு!" என்று யாராவது கத்துவார்கள். சித்தப்பா டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவருமாக ஸ்டூலில் ஏறுவார். பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, பழைய டேபிள் ஃபேன் ஒயரிலிருந்து உருவிய செம்பு இழை ஒன்றை அதில் கட்டுவார். மறுநாள் அதுவும் போகும். ஓரிழை ஈரிழையாகும், பிறகு மூன்றாகும். நாலு இழையை முறுக்கிக் கட்டியதும் தொல்லை நின்றது. அவருக்கு ஏகப் பெருமை. அடுத்த வாரமே கூடத்துச் சுவரில் ஒயர் ஓடும் மரச்சட்டத்திலிருந்து ரப்பர் கருகும் வாடை வந்தது.

கட்டை போவது நின்றதும் ரப்பர் கருகியதும் ஒரே காரியத்தின் இரண்டு முனைகள்.

கம்பியில் மின்சாரம் ஓடினால் கம்பி சூடாகும். எவ்வளவு சூடு என்பதை 1840களில் ஜேம்ஸ் ஜூல் அளந்து சொல்லிவிட்டார்: மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு, மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. கம்பி எவ்வளவு மெலிதோ அவ்வளவு தடையும் கூடும். இந்த இரண்டையும் சேர்த்ததுதான் ஃபியூஸ். எடிசன் தம் விளக்குகளுக்காக இதற்கு 1880இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

எங்கள் பாட்டி வீட்டுச் சுவரில் ஓடியது, பழைய எலக்ட்ரீஷியன்கள் 'ஒண்ணு பதினெட்டு' என்று சொல்லும் ஒற்றைச் செம்புக் கம்பி. குறுக்களவு 1.22 மில்லிமீட்டர். 5 ஆம்பியர் ஃபியூஸ் கம்பியோ 0.2 மில்லிமீட்டர்தான். இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். ஆனால் ஒரு சென்டிமீட்டர் ஃபியூஸ் கம்பியில் பிறக்கும் வெப்பம், ஒரு சென்டிமீட்டர் சுவர்க் கம்பியில் பிறப்பதைப் போலச் சுமார் 37 மடங்கு. போதாததற்கு, அந்த வெப்பத்தை வெளியே விடுவதற்கு அதற்கு இருக்கும் மேற்பரப்பும் ஆறில் ஒரு பங்குதான். செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். மெல்லிய கம்பி அந்தச் சூட்டைத் தொட்டு அறுந்துபோகும் வேளையில் சுவருக்குள் இருப்பது வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். வீட்டின் மின்பாதையில் வேண்டுமென்றே வைத்த நோஞ்சான் இது. அறுந்தாலும் பீங்கானுக்குள், கைக்கெட்டும் இடத்தில் அறுகிறது.

சித்தப்பா உருவிய இழை என்ன தடிமன் தெரியுமா? பழைய ஃபிளெக்ஸிபிள் ஒயர்களில் ஓர் இழை 0.0076 அங்குலம், அதாவது 0.19 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட அசல் 5 ஆம்பியர் கம்பியேதான். ஓர் இழை போட்டவரை அவர் செய்ததில் பெரிய பிழை இல்லை. நாலு இழை முறுக்கியபோது அது 15, 20 ஆம்பியர் கட்டையாகிவிட்டது. பீங்கான் மேல் மட்டும் 5 என்றே எழுதியிருந்தது. நோஞ்சானுக்குச் சோறு போட்டுத் தேற்றியாகிவிட்டது. அடுத்த நோஞ்சான் எது? மரச்சட்டத்துக்குள் அறுபது வருஷமாகக் காய்ந்துகொண்டிருக்கும் ரப்பர் உறை போட்ட கம்பி, அதிலும் குறிப்பாக அதன் இணைப்புகள்.

5 ஆம்பியர் கம்பி 5 ஆம்பியரில் உருகாது என்பதையும் சொல்ல வேண்டும். கையால் கட்டும் இந்த வகை ஃபியூஸ் எழுதியிருக்கும் அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு போனால்தான் உருகும், அதுவும் சில நிமிஷம் எடுத்துக்கொண்டு. அதையும் தாண்டித் தினமும் போகிறது என்றால் வீட்டில் என்னதான் ஓடுகிறது?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வீட்டுக்குக் கரண்ட் வந்த காலத்தில் 40 வாட் பல்பு மூன்று, ஒரு ஃபேன். 230 வோல்ட்டில் எல்லாம் சேர்ந்து ஒரு ஆம்பியர்கூட வராது. இப்போது அதே கம்பியில் அயர்ன் பாக்ஸ் 1000 வாட், அதாவது 4.3 ஆம்பியர். மிக்ஸி 3. நாலு ஃபேன், ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் சேர்த்து இன்னொரு மூன்று. பத்தைத் தொட்டாயிற்று. யாராவது இண்டக்ஷன் அடுப்பைப் போட்டால் அது மட்டுமே 8.7. வீடு பழசானதைவிட வீட்டுக்குள் புதுசு நிறைய வந்ததுதான் சங்கதி.

ஆனால் எல்லா வீட்டிலும் காரணம் அளவு மீறிய சுமைதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர், கடைசியில் வீட்டைச் சரிசெய்ய வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன். நான் என்னென்னவோ விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "கட்டையைக் காட்டுங்க தம்பி, அதுவே சொல்லும்" என்றார்.

உண்மைதான். கம்பி நட்டநடுவில் அறுந்து, இரண்டு முனையிலும் கடுகு போல உருண்டை திரண்டிருந்தால் அது நிதானமாகச் சூடேறிச் செத்தது. சுமை அதிகம். கம்பியையே காணோம், பீங்கான் உள்பக்கம் முழுக்கக் கரி, செம்புத் துளிகள் தெறித்து ஒட்டியிருக்கின்றன என்றால் ஷார்ட் சர்க்யூட். நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பாய்ந்து கம்பியை ஆவியாக்கியிருக்கிறது. ஃபேஸும் (கரண்ட் வரும் கம்பி) நியூட்ரலும் (அது திரும்பும் கம்பி) எங்கோ தொட்டுக்கொள்கின்றன. மூன்றாவது வகையைத்தான் பலர் கவனிப்பதில்லை. கம்பி நடுவில் நன்றாக இருக்கும், ஸ்க்ரூவின் ஓரத்தில் மட்டும் அறுந்திருக்கும். ஸ்க்ரூ நீலம் பாய்ந்திருக்கும், அந்த மூலைப் பீங்கான் பழுப்பேறியிருக்கும். அங்கே குற்றவாளி லூஸ் கனெக்ஷன். இறுக்கமில்லாத இடத்தில் தடை கூடுகிறது, தடை சூட்டைத் தருகிறது, சூடு ஸ்க்ரூவை இன்னும் தளர்த்துகிறது. சுமை கொஞ்சம்தான் இருந்தாலும் கட்டை போய்க்கொண்டே இருக்கும். அலுமினியக் கம்பி போட்ட வீடுகளில் இது இன்னும் மோசம். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் அலுமினியம் மெல்ல நசுங்கி விலகும், மேலே படியும் ஆக்சைடும் மின்சாரத்தை விடாது.

கட்டை போகும் நேரத்திலும் துப்பு உண்டு. சுவிட்சைப் போட்ட மாத்திரத்தில் போனால் அந்த சுவிட்சின் வழியிலோ அந்தப் பொருளிலோ ஷார்ட். இருபது நிமிஷம் கழித்துப் போனால் சுமை. ஃபிரிட்ஜ் கிளம்பும்போதெல்லாம் போனால் மோட்டாரைப் பாருங்கள். எந்த மோட்டாரும் புறப்படும்போது ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். கோடையில் வோல்டேஜ் 180க்கு இறங்கினால் புறப்படவே திணறி, உறுமிக்கொண்டே நிற்கும். அயர்ன் பாக்ஸ் அப்படியில்லை, வோல்டேஜ் குறைந்தால் அது இழுப்பதும் குறையும். ஒரே லோ வோல்டேஜுக்கு இரண்டு விதமான பதில்.

சில சமயம் எந்தக் குற்றமும் இல்லாமலும் போகும். பல மாதம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஃபியூஸ் கம்பி காற்றில் ஆக்சைடு ஆகி மெலிந்துவிடும். முன்பு தாங்கியதை இப்போது தாங்காது. அதனால் ஒருமுறை போனால் சரியான கம்பியைப் புதிதாகப் போட்டுப் பார்க்கலாம். இரண்டாம் முறையும் போனால் மெயின் சுவிட்சை நிறுத்தி, எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டு வருவதுதான் வழி. எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் போனால் கோளாறு சுவருக்குள். எலி கடித்த இடமாக இருக்கலாம், மழைநீர் இறங்கிய சுவிட்ச் பெட்டியாக இருக்கலாம். அதற்கு மேல் நம் வேலையில்லை. எலக்ட்ரீஷியன் மெக்கர் என்னும், ஒயர் உறையைச் சோதிக்கும் கருவி கொண்டு 500 வோல்ட் கொடுத்துப் பார்ப்பார். இன்சுலேஷன் 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஒயரை மாற்றுவதைத் தள்ளிப்போட முடியாது. மீட்டருக்குப் பக்கத்தில் சீல் வைத்த கட்டை போயிருந்தால் அதில் கை வைக்கவே வேண்டாம், அது மின்வாரியத்தாருடையது.

பழைய போர்டுகளில் இன்னொரு பொறி உண்டு. சிலவற்றில் ஃபேஸுக்கு ஒரு கட்டை, நியூட்ரலுக்கு ஒரு கட்டை. நியூட்ரல் கட்டை போனாலும் விளக்கு அணையும், ஃபேனும் நிற்கும். கரண்ட் இல்லை என்று நம்பி ஹோல்டரில் விரலை வைத்தால் ஃபேஸ் அப்படியே காத்திருக்கும். நியூட்ரலில் ஃபியூஸ் கூடவே கூடாது. அதை எடுத்துவிட்டு நேரடி இணைப்பாக்கச் சொல்லுங்கள்.

கட்டையைத் தூக்கிவிட்டு எம்சிபி (மின்சாரம் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) போட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. எம்சிபி நல்ல கருவிதான். நிதானமான சுமைக்கு உள்ளே ஒரு ஈருலோகத் தகடு வளைந்து விடுவிக்கும், ஷார்ட்டுக்கு ஒரு காந்தச் சுருள் கண்ணிமைக்குள் தட்டிவிடும். இழை முறுக்கும் வேலைக்கு இடமே இல்லை. ஆனால் 'ஒண்ணு பதினெட்டு' கம்பிக்கு முன்னால் 32 ஆம்பியர் எம்சிபியை மாட்டுவது, சித்தப்பா செய்ததையே கொஞ்சம் அழகாகச் செய்வது. எம்சிபியின் அளவைக் கம்பியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தவிர, ஃபியூஸோ எம்சிபியோ மனிதனைக் காப்பதற்கென்று வந்ததல்ல. ஈரச் சுவர் வழியாக ஆளுக்குள் பாயும் 0.1 ஆம்பியர் உயிரை எடுக்கப் போதும், கட்டைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதற்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி தனியாக வேண்டும், உருப்படியான எர்த்தும் வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்த அண்ணன் செய்தது இவ்வளவுதான். சமையல்கட்டுக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் போர்டிலிருந்தே 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் தனித்தனி வழி இழுத்தார். மாடி ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர். விளக்கும் ஃபேனும் மட்டும் பழைய பாதையில், புது ஒயரோடு. மரச்சட்டத்தைப் பிரித்தபோது ஃபேன் இணைப்புக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் உறை அப்பளம் போல நொறுங்கி விழுந்தது. நாலு இழை முறுக்கிய கட்டையைச் சித்தப்பா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பி அன்று கட்டியபடியே பளபளவென்று இருந்தது.