“தண்ணீர் பெயின்ட்தானே அண்ணா!”

இந்த வருடம் இவர் மூன்றாவது ஆள். ஒரே வார இறுதியில் நான்கு பேந்தர் (இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் டாங்கி) பொம்மைகளுக்கு ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் வண்ணம் தூவும் கருவி) அடித்து முடித்த தம்பி, திங்கட்கிழமை இருமிக்கொண்டே என் வகுப்புக்கு வந்தார். ஏசி அறை, சாத்திய ஜன்னல், முகத்தில் மாஸ்க் இல்லை. கேட்டால் எல்லோரும் சொல்லும் அதே பதில்: “தண்ணீர் பெயின்ட்தானே அண்ணா, ஒன்றும் ஆகாது.”

போர் விளையாட்டு வண்டிகளுக்கு வண்ணம் தீட்டுவதுதான் என் பிழைப்பு. இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அக்ரிலிக் என்ற இந்த வகைப் பெயின்டில் தண்ணீர் இருப்பது உண்மைதான். ஆனால் ஏர்பிரஷ் மூக்கிலிருந்து கிளம்பியதுமே அந்தத் தண்ணீர் ஆவியாகத் தொடங்கிவிடுகிறது. மிஞ்சுவது நிறமித்தூளும் பிளாஸ்டிக் பிசினும். டாங்கியில் ஒட்டாதது முழுக்க உங்கள் முகத்தைச் சுற்றித்தான் மிதக்கிறது. தண்ணீரில் கரைத்ததாலேயே சிமென்ட் தண்ணீராகிவிடுமா? பாட்டிலில் ‘நச்சுத்தன்மையற்றது’ என்று போட்டிருக்கிறதே என்பார்கள். அது தூரிகையால் தீட்டுவதை மனதில் வைத்துச் சொன்னது, மூச்சில் இழுப்பதற்கு அல்ல. காட்மியம் கலந்த ஓவிய வண்ணங்கள் பலவற்றில் ‘ஸ்ப்ரே செய்யாதீர்கள்’ என்று தனியாகவே எச்சரிக்கை இருக்கும். அதை யார் படிக்கிறார்கள்?

அந்தத் தம்பி அடித்தது ‘ஆம்புஷ்’ (பதுங்கித் தாக்குதல்) கோலம். 1944-இன் பிற்பகுதியில் ஜெர்மன் டாங்கிகளில் வந்தது. அடர்மஞ்சள், ஆலிவ் பச்சை, செம்பழுப்புத் திட்டுகள். அவற்றின் மேல் சின்னச் சின்னப் புள்ளிகள். மரத்தடியில் இலை இடுக்கு வழியாக விழும் வெயில் மாதிரி இருக்கும், விமானத்திலிருந்து பார்ப்பவன் கண்ணுக்குத் தப்பத்தான். அழகான வேலை. 1:56 அளவில் (நிஜத்தில் 56-இல் ஒரு பங்கு) உடல் மட்டும் 12 சென்டிமீட்டர்தான். அதில் நூற்றுக்கணக்கான புள்ளிகள். அங்கேதான் இரண்டாவது தப்பு: முனை கூராக வேண்டும் என்று பிரஷ்ஷை உதட்டில் வைத்து நக்குவது. கடிகார முகப்புக்கு ரேடியம் பூசிய அமெரிக்கப் பெண்கள் சிலர் இப்படி நக்கித்தான் தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள். நம் பெயின்டில் ரேடியம் இல்லை, சரி. அதற்காக வாயில் வைக்க வேண்டுமா? ஈரத் துணியில் உருட்டி இழுங்கள், அதே கூர் வரும்.

மாஸ்க் விஷயம். துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இந்த வேலைக்கு ஆகாது. அக்ரிலிக் தூசிக்கு என்95 போதும், முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால். தாடி இருந்தால் உட்காராது. லேக்கர் (தண்ணீருக்குப் பதில் கரைப்பான் கலந்த பெயின்ட்), தின்னர் என்றால் என்95 ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் தூசி வடிகட்டியும் சேர்ந்த மாஸ்க் வாங்குங்கள். ஸ்ப்ரே பூத்தின் (பெயின்ட் தூசியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) குழாய் ஜன்னலுக்கு வெளியே போக வேண்டும், அறைக்குள்ளேயே சுற்றிவிடக் கூடாது. மோட்டார் பொறி பட்டால் தின்னர் ஆவி தீப்பிடிக்கும். சாதாரண டேபிள் ஃபேனை வைத்து அதை வெளியே இழுக்காதீர்கள். ரெசின் (வார்த்த பிளாஸ்டிக்) பாகங்களைத் தூசி பறக்காதபடி ஈரமாக்கித்தான் தேய்க்க வேண்டும்.

அப்புறம், வண்ணம் அடித்து முடித்ததும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஏர்பிரஷ்ஷைக் கழுவுகிறீர்களே, கிளீனரை அப்போதுதான் நேராகக் காற்றில் ஊதுகிறீர்கள். ஏர்பிரஷ் கழுவுவதற்கென்றே உள்ள, மூடி போட்ட பாத்திரத்துக்குள் ஊதுங்கள், மாஸ்க்கோடு.

இருமலோ மூச்சிரைப்போ ஏற்கெனவே இருந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். போகும்போது பெயின்ட், தின்னர் பாட்டில்களைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எதைச் சுவாசித்தீர்கள் என்று அவர் கட்டாயம் கேட்பார்.