நன்றாக இருக்கும்போதே ரத்தம் பார்த்து வையுங்கள்

நாள்பட்ட சிறுநீரக நோயில் நாயின் ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) வரம்பைத் தாண்டும்போது, சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போயிருக்கும். அதனால்தான் வயதான நாய்களுக்கு வாந்தி, மெலிவு எதுவும் இல்லாதபோதே வருடம் ஒருமுறை ரத்தம் பாருங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். போன வருடம் 0.7 இருந்த கிரியேட்டினின் இந்த வருடம் 1.3 என்றால், இரண்டுமே 'நார்மல்' கட்டத்துக்குள்தான் வரும், ஆனால் எனக்கு அது நார்மல் இல்லை. பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

இன்னொன்று, பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் அணு. உண்ணி கடித்து வரும் காய்ச்சலில் அது குறையும், உண்மைதான். ஆனால் ரத்தம் எடுக்கும்போது ஊசி தடுமாறினாலே பிளேட்லெட்டுகள் ஒட்டிக் கட்டியாகிவிடும். மெஷின் அந்தக் கட்டிகளைச் சரியாக எண்ணாது, குறைவாகக் காட்டும். ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, பூச்சின் ஓரத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கட்டிகள் அங்கே குவிந்து கிடப்பது தெரிந்துவிடும். தகட்டைப் பார்க்காமல் அந்த எண்ணை மட்டும் நம்பி மருந்து தொடங்குவதை நான் ஏற்பதில்லை.

சரி, கறவை மாட்டுக்கு வருவோம். நாய்க்குக் கல்லீரல் பார்க்க உதவும் ஏஎல்டி என்ற நொதி மாட்டில் பெரிதாக எதுவும் சொல்லாது, அங்கே ஜிஜிடி, ஜிஎல்டிஹெச் என்ற நொதிகளைப் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், மாட்டில் பல நேரம் கேள்வி ஒரு மாட்டைப் பற்றியதல்ல, மொத்தப் பண்ணையைப் பற்றியது. கன்று ஈன்று சில வாரங்களே ஆன மாடுகளில் ஒரு 12 மாட்டுக்கு வாலடியில் ஒரு துளி எடுத்துக் கையடக்க மீட்டரில் கீட்டோன் (தீவனச் சத்து போதாமல் உடல் கொழுப்பு கரையும்போது ரத்தத்தில் சேரும் பொருள்) பாருங்கள். 1.2 மில்லிமோலைத் தொட்ட மாடுகள் பத்தில் ஒன்றுக்கு மேல் இருந்தால், ஈனுவதற்கு முன்னும் பின்னும் கொடுக்கும் தீவனத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பால் நரம்பில் மட்டும் எடுக்காதீர்கள், மடி உறிஞ்சிக்கொண்டது போக மிச்சமிருக்கும் ரத்தம் அது, குளுக்கோஸையும் கீட்டோனையும் குறைவாகக் காட்டும்.

கன்றுக்குட்டியையும் மறந்துவிடுகிறோம். பிறந்த 1 முதல் 7 நாளுக்குள் சீரம் புரதம் டெசிலிட்டருக்கு 5.2 கிராமுக்குக் கீழே இருந்தால் சீம்பால் போதுமான அளவு, போதுமான நேரத்தில் போகவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கழிச்சலில் கன்றுகள் தொடர்ந்து சாகும் பண்ணையில் நான் முதலில் கேட்பது இந்தப் பரிசோதனையைத்தான்.

அப்புறம், ஈன்ற மாடு எழுந்திருக்க முடியாமல் காது சில்லிட்டுப் படுத்துவிட்டால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கவே கூடாது. டாக்டர் கால்சியம் ஏற்றும் முன் ஒரு குழாய் ரத்தம் மட்டும் எடுத்து வைத்துவிட்டு உடனே சிகிச்சையைத் தொடங்கட்டும். ஊதா மூடிக் குழாய் வேண்டாம், அதிலுள்ள மருந்து கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், சிவப்பு மூடிக் குழாயில் எடுக்கச் சொல்லுங்கள். கால்சியம் ஏற்றியும் மாடு எழவில்லை என்றால், அடுத்து எதைத் தேடுவது என்று அந்த ரத்தத்தை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.